பூட்டக்கா

அவர் தன் பெயரை முதலில் சொல்லவே மாட்டார். கேட்கிறவர்தான் முதலில் சொல்ல வேண்டும், தான் யார், எதற்குக் கேட்கிறார் என்று. கூரியர் கொண்டுவந்த பையன் கேட்டுக்கு வெளியே நின்று பெயரைக் கேட்டால், மாடிப்படியில் நின்றபடியே, "யார் பேருக்கு வந்துகீதுன்னு நீ சொல்லு. என் பேரா இருந்தா வாங்கிக்கிறேன்" என்பார். ஒருமுறை அந்தப் பையன் வெறுத்துப்போய்ப் பார்சலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான். உள்ளே இருந்தது மிக்சி ஜார். அதை மறுபடி வரவழைக்கும்வரை அவர் சட்னி இல்லாமல் இட்லி தின்றார். அதில் அவருக்கு வருத்தமே இல்லை.

அவர் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கம்பெனியில் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் பூட்டக்கா என்றுதான் சொன்னார்கள்.

சேரப்பணஞ்சேரியில் ஒரு மாடி வீட்டில் இரண்டு போர்ஷன். பின்போர்ஷனில் நானும் என்னைப் போலத் தெற்கிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு பெண்களும் இருந்தோம். எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். முன்போர்ஷனில் அவர் தனியாக இருந்தார். அவருக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. இந்தப் பக்கத்துக்காரர். ஒரகடம் ரோட்டில் ஃபேக்டரிகள் எழும்பத் தொடங்கிய காலத்திலேயே வேலைக்குப் போனவர். காருக்குள் ஓடுகிற வயர்களைக் கொத்துக்கொத்தாகக் கட்டி அனுப்புகிற கம்பெனியில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். நான் லைனில் வயர் செருகுவேன். அவர் லைனின் கடைசியில், டெஸ்டிங் போர்டில் நிற்பார்.

பஸ் ஸ்டாப்பில் ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. ஆதார் நகல் எடுக்கும்போது மெஷின் கறுப்பாக ஒன்றைத் துப்பிவிட்டால் கடைக்காரர் அதைக் கசக்கிக் கூடையில் போடுவார். இவர் அதைக் கேட்டு வாங்குவார். வேஸ்ட் பேப்பர்தானே என்று கடைக்காரர் முனகினால், "உனுக்கு வேஸ்ட்டு. அதுல என் மூஞ்சி கீது" என்பார். வாங்கியதை அங்கேயே நின்று துண்டு துண்டாகக் கிழித்து, பாதியை இந்தக் குப்பையிலும் பாதியை வீட்டுக் குப்பையிலும் போடுவார். நல்ல நகலின் குறுக்கே பேனாவால் 'வாடகை வீட்டுக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதித்தான் வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தார். என்னைத் திருடன் என்று எழுதிக் கொடுத்ததுபோல இருக்கிறது என்று வீட்டுக்காரர் எங்களிடம் சொல்லிச் சொல்லி ஆறவில்லை.

ஒரு கிருத்திகைக்கு என்னை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது, சாமி பேருக்கே பண்ணுங்க என்றார். வெளியே வந்ததும் நான் கேட்டேன், சாமியிடம்கூடவா அக்கா பெயரைச் சொல்லக்கூடாது என்று. முருகனுக்குத் தெரியாதா வந்திருப்பது யாரென்று, சுற்றி நின்றவர்களுக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இதில் எனக்குச் சில சமயம் எரிச்சலும் வந்திருக்கிறது. என் அறைத் தோழிக்குக் கடுமையான காய்ச்சல் வந்த அன்று எங்கள் யார் போனிலும் சார்ஜ் இல்லை, கரண்டும் இல்லை. அவள் அம்மாவிடம் பேச வேண்டும் என்று அழுதாள். அவரிடம் போய்ப் போன் கேட்டேன். தரவில்லை. தானே எழுந்து வந்து, எண்ணைக் கேட்டுத் தானே அழுத்தி, அவள் பாயருகே முட்டிபோட்டு உட்கார்ந்து, போனை அவள் காதோரம் பிடித்துக்கொண்டே இருந்தார். அவள் அழுது முடித்து, பேசி முடித்து, மறுபடி அழுகிறவரை கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். போன் மட்டும் அவர் கையைவிட்டுப் போகவில்லை. அன்று அவர்மேல் கோபப்படுவதா பிரியப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவர் ஒரே ஒருவனிடம் எதையும் மூடி வைத்ததில்லை. அது அவருடைய தம்பி.

அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போனபோது அவன் பள்ளிக்கூடப் பையன். அவனை ஐடிஐ வரை படிக்கவைத்தது இவர்தான். தன் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில், ஒரு கட்டத்தில் யாரும் பேச்சு எடுப்பதையே விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பைக்கில் வருவான். அன்று மட்டும் பீரோ திறந்து கிடக்கும், போன் கட்டிலில் கிடக்கும், அவர் அடுப்படியில் வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருப்பார். ஃபேக்டரிகளிலிருந்து கழிவு இரும்பையும் செம்பையும் அட்டையையும் எடுத்து விற்கிற ஒரு ஸ்கிராப் யார்டில் அவனுக்கு வேலை. யார்டு முதலாளியை அவன் அண்ணன் என்பான். எந்தக் கம்பெனி ஸ்கிராப்பை யார் எடுப்பது என்பது அந்தப் பக்கத்தில் சின்ன விஷயம் அல்ல. அதைப் பற்றிப் பேசும்போது டீக்கடையில்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அவருடைய பழைய சிம் கார்டு அந்தத் தம்பியிடம்தான் இருந்தது. அவன் ஐடிஐயில் சேர்ந்தபோது போனோடு சேர்த்துக் கொடுத்தது. ஆதாரில் பதிவாகியிருந்ததும் அந்த எண்தான். ஆதார் வழியாக எதற்காவது ஓடிபி வந்தால் அவனைக் கூப்பிடுவார், அவன் படிப்பான், இவர் போட்டுக்கொள்வார். அந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. தம்பியிடம் இருப்பதும் தன்னிடம் இருப்பதும் அவருக்கு ஒன்றுதான்.

அந்த வருடம் ஜூலையில் எனக்கு வருமான வரிக் கணக்குப் போட வேண்டி வந்தது. முந்தைய கம்பெனியை விட்டபோது பிஎஃப் பணத்தை எடுத்திருந்தேன். அதில் வரி பிடித்திருந்தார்கள். கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும் என்றார்கள். கேன்டீனுக்கு வெளியே ஓர் ஆள் வந்து, பான் எண்ணும் பாஸ்வேர்டும் கொடுங்கள், எல்லோருக்கும் நானே போட்டுத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். லைனில் பாதிப்பேர் கொடுத்துவிட்டார்கள். நானும் கொடுக்க இருந்தேன். பஸ்ஸில் பூட்டக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாஸ்வேர்டக் குடுத்துட்டா அப்பால நீ யாரு, அவன் யாரு? ஞாயித்துக்கெழம வா. நான் என்னுதப் போடுவேன், நீ உன்னுதப் போடு. நீ என்னுதப் பாக்கக் கூடாது, நான் உன்னுதப் பாக்க மாட்டேன்."

அப்படியே செய்தோம். அவர் அறையில் தரையில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தோம், ஆளுக்கொரு போனோடு. எனக்குச் சிரிப்பு வந்தது. கணக்கு எழுதுவதற்கு முன்னால் வருடாந்தரத் தகவல் அறிக்கையைத் திறக்கச் சொன்னார். நம் பான் எண்ணின் பேரில் அரசாங்கத்திடம் யார் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். கம்பெனி கொடுத்த சம்பளம், வங்கி கொடுத்த வட்டி எல்லாம் வரும். நம்மைப் பற்றி அடுத்தவன் எழுதியதை முதலில் படிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் நாம் எழுத வேண்டும் என்றார்.

என்னுடையதைப் பார்த்து முடித்துவிட்டேன். சரியாக இருந்தது. அடுத்து என்ன செய்வது என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். என் முதுகில் ஒட்டியிருந்த அவர் முதுகு விறைத்துப்போயிருந்தது தெரிந்தது. பேச்சை மீறித் திரும்பினேன். அவர் திட்டவில்லை. அதுதான் எனக்கு முதல் பயம்.

"இத்தக் கொஞ்சம் படி" என்று போனை என் கையில் கொடுத்தார்.

அந்த போனை நான் கையில் வாங்கியது அன்றுதான். சம்பளம் சரியாக இருந்தது. வட்டியும் இருந்தது. அதற்குக் கீழே ஜிஎஸ்டி விற்றுமுதல் என்று ஒரு பதிவு. அவர் பெயரோடு டிரேடர்ஸ் என்று சேர்த்து ஒரு நிறுவனம். பழைய இரும்பு வியாபாரம். அதன் எதிரில் இருந்த எண் எவ்வளவு நீளம் என்றால், ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து எண்ணித்தான் அது கோடிகளில் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. வேறு யாராவது இதே பெயரில் இருப்பார்களோ என்று அவர் கேட்டார். பான் எண்ணை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தோம். அவருடையதுதான்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். திரும்பி வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நீ எப்பனா என் போன எடுத்தியா?"

இல்லை என்றேன். அதே குரலில் மறுபடி கேட்டார். என் அறைப் பெண்களைப் பற்றிக் கேட்டார். பான் கார்டை யாராவது படம் எடுத்தீர்களா என்று கேட்டார். இவர் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாங்கள் மூன்று பேரும் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். போலீஸ் வந்தால் கம்பெனி எங்களை வைத்திருக்குமா? ஊரில் என் அம்மாவிடம் என்ன சொல்வது? அவர் கண் என்னைவிட்டு நகரவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சொல்லலாமா என்று தயங்கி, பிறகு பயத்தில் சொல்லிவிட்டேன்.

"அக்கா, கம்பெனி ஆரம்பிக்க ஆதார் ஓடிபி கேப்பாங்கல்லா. அந்த சிம்மு யாருகிட்ட இருக்கு?"

அவர் முகம் மாறியதை நான் இப்போதும் விவரிக்க முடியாது. அடித்துவிடுவார் என்றுகூட நினைத்தேன். எழுந்து கதவைத் திறந்து, வெளியே போ என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

அடுத்து வந்த நாட்களில் அவர் என்னோடு பேசவில்லை. கம்பெனி பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தார். டெஸ்டிங் போர்டிலிருந்து தலையைத் தூக்கி என் பக்கம் பார்ப்பார், நான் பார்த்தால் குனிந்துகொள்வார். என்னைச் சந்தேகப்படுகிறாரா, நான் சொன்னதை யோசிக்கிறாரா, தெரியவில்லை. என் அறைப் பெண்களிடம் நான் எதையும் சொல்லவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.

வார நடுவில் ஒரு நாள் மாலை தம்பியின் பைக் வந்தது. ஃபர்ஸ்ட் ஷிப்டு முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்திருந்தோம். இரண்டு போர்ஷனுக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர். கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் கேட்டது. அவன் முதலில் மறுத்தான், பிறகு சிரித்து மழுப்பினான், பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். வரிக்கு மாட்டாமல் பில் போட அண்ணனுக்குப் புதிதாக ஒரு கம்பெனி வேண்டியிருந்தது. வழக்கு வம்பு இல்லாத, ஒழுங்காக வரிக் கணக்குப் போடுகிற ஒருவர் பெயரில் இருந்தால் நல்லது என்றாராம். இவன் அக்காவின் பான் கார்டையும் ஆதாரையும் கொடுத்திருக்கிறான், வந்த ஓடிபிகளைப் படித்துச் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகுதான் யார்டில் இவனை சூப்பர்வைசர் ஆக்கியது, அந்த பைக் வந்தது. சில மாதங்களில் மூடிவிடுவோம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

"பேரு மட்டும்தான்க்கா" என்றான். "உன் காசுல கை வெச்சேனா?"

பிறகு அவர் குரல் கேட்டது.

"எங்கையில வேற இன்னாடா கீது? அந்தப் பேரு ஒண்ணுதான் கீது."

சிம்மைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அவன் கெஞ்சினான். அதை எடுத்தால் அண்ணனுக்குத் தெரிந்துவிடும் என்றான். கடைசியில் வைத்துவிட்டுத்தான் போனான்.

மறுநாள் மாலை அவரே என் கதவைத் தட்டினார். என்னை நேராகப் பார்க்காமல், வா என்று மட்டும் சொன்னார். அந்த சிம்மைத் தன் போனில் போட்டிருந்தார். போன் கட்டிலின் நடுவில் கிடந்தது. நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். ஓர் ஓடிபி வந்தது. யாரோ எங்கேயோ அவர் பெயரில் எதையோ திறக்கிறார்கள். அந்த எண் பத்து நிமிடத்தில் காலாவதியாகும் என்று செய்தியிலேயே இருந்தது. அது காலாவதியாகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு இன்னொன்று வந்தது. தம்பி கூப்பிட்டான், எடுக்கவில்லை. மறுபடி ஓடிபி. மறுபடி தம்பி. போன் ஒவ்வொரு முறை அதிரும்போதும் அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார், குளிர்வதுபோல.

அதற்கு அடுத்த நாள் அண்ணனின் ஆட்கள் வந்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே வந்தார்கள். இரண்டு பேர். ஒருவன் கேட்டிலேயே நின்றுவிட்டான். வெள்ளைச் சட்டை போட்ட நடுத்தர வயது ஆள் ஒரு பை ஆப்பிளோடு மாடி ஏறினார். எங்கள் மூன்று பேரையும் பார்த்துக் கும்பிட்டார். படியிலேயே உட்கார்ந்து, மரியாதையாகத்தான் பேசினார். இன்னும் கொஞ்ச மாதம்தான், பிறகு தாங்களே மூடிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நோட்டீஸ் வந்தால் தங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்றார். இப்போது வருகிற எண்ணை மட்டும் தம்பியிடம் சொல்லிவிட்டால் போதுமாம். பூட்டக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த ஆள் பேச்சை மாற்றுவதுபோலச் சொன்னார்.

"ஃபர்ஸ்ட் ஷிப்டு போம்போது இருட்டா இருக்கும், இல்ல சிஸ்டர்? ஸ்டாப்பிங்ல லைட்டு கூட எரியல. பாத்துப் போங்க."

என் அறைத் தோழி என் கையைப் பிடித்தாள். பூட்டக்கா கேட்டார்.

"உங்க பேரு இன்னா?"

அந்த ஆள் சிரித்தார். "பேர்ல இன்னாம்மா கீது."

"ஒண்ணும் இல்லன்னா உங்க பேர்லயே நடத்தியிருக்கலாமே."

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. அவர் எழுந்து, பேன்ட்டில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, ஆப்பிள் பையைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார். யாரும் அதைத் தொடவில்லை. கீழ்வீட்டு மாடு தின்றது. கீழே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அன்று மாலையே வந்து, இந்த வம்பெல்லாம் நமக்கு வேண்டாம், மாதக் கடைசியில் காலி பண்ணிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டார்.

"நாளிக்கு லீவு போடுறியா? கூட ஒரு ஆளு இருந்தா தேவல" என்று என்னிடம் கேட்டார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. என்னிடம் மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. இதுதான் அது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஆதார் மையத்துக்குப் போய், விரல்ரேகை வைத்து, அதில் இருந்த போன் எண்ணை மாற்ற எழுதிக்கொடுத்தோம். வருமான வரித் தளத்தில் அந்த டிரேடர்ஸ் பதிவைத் தொட்டு, இது என்னுடையது அல்ல என்று பதிவு செய்தார். ஜிஎஸ்டி தளத்திலும் புகார் போட்டோம். ஆனால் ஓடிபி எப்படிப் போனது என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள், போலீஸில் எழுதிக்கொடுத்தால்தான் நிற்கும் என்று ஜிஎஸ்டி ஆபீஸில் விசாரித்தபோது சொன்னார்கள். அங்கிருந்து சைபர் கிரைம் அலுவலகத்துக்கு பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது. இந்தமுறை எடுத்தார். ஊம் ஊம் என்று கேட்டுவிட்டு வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நெடுநேரம் கழித்து அவன் சொன்னதைச் சொன்னார். ஜெராக்ஸ் கடைக்காரன் பேரைச் சொல்லிவிடச் சொன்னானாம். அக்கா எப்போதும் அவனைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள் என்று பஸ் ஸ்டாப்புக்கே தெரியும், எல்லோரும் நம்புவார்கள் என்றானாம். அவன் அழுதான் என்றும் சொன்னார். எனக்குக்கூட அந்த ஒரு நிமிடம் அது நல்ல வழியாகத்தான் தோன்றியது.

அலுவலகத்தில் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் இருந்தார். பொறுமையாகக் கேட்டார், போனில் இருந்ததை எல்லாம் வாங்கிப் பார்த்தார். யார் யாரிடம் ஆதார் நகல் இருக்கிறது என்று கேட்டார். வீட்டுக்காரர், கம்பெனி, பேங்க், ஜெராக்ஸ் கடை என்று பூட்டக்கா சொல்லிக்கொண்டு வந்தார். ஜெராக்ஸ் கடை என்றபோது நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். யார் மேலாவது சந்தேகம் இருக்கிறதா என்று எஸ்.ஐ. கேட்டார். பூட்டக்கா மேஜைமேல் இருந்த தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"சந்தேகம் இல்ல மேடம். தெரியும்."

தம்பியின் பெயரைச் சொன்னார். இன்ஷியலோடு, அப்பா பெயரோடு, வேலை பார்க்கிற யார்டோடு சொன்னார். அண்ணனின் பெயரையும் சொன்னார். எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்தி, கூடப்பிறந்த தம்பியா என்று கேட்டார். நான் வளர்த்த பிள்ளை என்றார். அவன் பெயரும் வழக்கில் வரும், யோசித்துக்கொள்ளுங்கள், வெளியே போய் உட்கார்ந்து யோசித்துவிட்டுக்கூட வாருங்கள் என்றார் எஸ்.ஐ.

"வேற யாரு பேரயாவது சொன்னா, அதுவும் இதே வேலதான மேடம்."

எஸ்.ஐ. பேனாவை எடுத்தார்.

அண்ணன் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு நடமாடினார். முதலில் பிடிபட்டது தம்பிதான். சொந்தக்காரர்கள் திரண்டு வந்தார்கள். சித்தி ஒருத்தி தெருவில் நின்று மண்ணை வாரி இறைத்தாள், கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று. அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். ஃபர்ஸ்ட் ஷிப்டு நாட்களில் நாங்கள் மூன்று பேரும் அவரோடு சேர்ந்தே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். எதிர்ப்பக்கம் ஒரு பைக் விளக்கை அணைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் பஸ் வந்ததும் போய்விடும். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நடக்குமா நடக்காதா என்று தெரியாமல்தான் ஒவ்வொரு காலையும் அந்த ரோட்டைத் தாண்டினோம்.

அந்த நிறுவனத்தின் பதிவு ரத்தாகி, அதோடு அவருக்குச் சம்பந்தம் இல்லை என்று அதிகாரிகள் ஏற்றுக்கொண்டது பல மாதங்களுக்குப் பிறகு. அதற்குள் அவர் வேறு வீடு மாறியிருந்தார். நானும் பின்னால் அந்த வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன். இப்போதும் ஜூலை மாதம் போன் பண்ணுவார். உன் பேர்ல இன்னா எழுதிகீறாங்கன்னு பாத்தியா என்பார். பார்த்தேன் என்றால்தான் வைப்பார்.

வழக்கு நடந்துகொண்டிருந்த நாட்களில் கேன்டீனில் ஒருநாள் நான் கேட்டேன், தம்பியை நினைத்தால் கஷ்டமாக இல்லையா என்று. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கேட்டிருந்தா கிட்னியக் குடுத்திருப்பேன். கேக்கலையே" என்றார்.

தம்பிக்கு ஜாமீன் கிடைத்த அன்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளைச் சிறைக்குப் போனார். விடியற்காலையில் எழுந்து சிக்கன் பிரியாணி செய்திருந்தார். மூன்று அடுக்கு டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, துண்டால் சுற்றி, பஸ்ஸில் வழி நெடுகச் சூடு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஜாமீனுக்கு யார் ஏற்பாடு செய்தது என்று அவருக்குத் தெரியாது. வக்கீல் யாரோ வந்தாராம் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார். வாசலுக்கு எதிரில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். அவர் டிபன் கேரியரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

சிறிய கதவு திறந்து அவன் குனிந்து வெளியே வந்தான். இளைத்திருந்தான். தாடி இருந்தது. எங்களைப் பார்த்துவிட்டான். அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். அப்போதுதான் மதில் ஓரம் ஒரு கார் கதவு திறந்தது. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் இறங்கி, அவன் தோளில் கை போட்டார். அவன் எங்கள் பக்கம் இன்னொரு முறை பார்த்தான். அவர் கையில் இருந்த டிபன் கேரியரையும் பார்த்தான். பிறகு குனிந்து காரில் ஏறினான். வெள்ளைச் சட்டைக்காரர் இங்கிருந்தே தெரிகிற மாதிரி எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கார் போன திசையை அவர் பார்க்கவில்லை. சிறையின் அந்தச் சிறிய கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் யாரோ வெளியே வர வேண்டியிருப்பதுபோல. நான் அவர் முழங்கையைத் தொட்டேன்.

"ஒக்காரு. ஆறிப்போனா நல்லா இருக்காது" என்றார்.

வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். அடுக்குகளைப் பிரித்து வைத்தார். எனக்கு முதலில் போட்டார், தனக்கும் போட்டுக்கொண்டார். அடித்தட்டில் அவனுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த லெக் பீஸ் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் தட்டில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் அதைத் தின்று முடிக்கிறவரை.